திடலில் பறக்கும் சிறு நீலன்கள்: அடிப்புறத்தைப் பார்த்துப் பெயர் சொல்வது எப்படி

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் காலை வெயில் ஏறியதும் தமிழ்ப்பள்ளித் திடலிலும் கோயில் வளாகத்துப் புல்லிலும் கணுக்கால் உயரத்தில் நீலமும் சாம்பலுமாகச் சிறு வண்ணத்துப்பூச்சிகள் பறக்கும். எல்லாம் ஒரே வகை என்று நினைத்துக் கடந்துபோவதே வழக்கம். உண்மையில் திடல் புல்லில் இரண்டு மூன்று வகை, சடக்கு (சாலை) ஓரத்துக் கொடிகளில் இன்னும் மூன்று நான்கு, வீட்டு வாசல் சைக்கஸ் செடியில் ஒன்று என்று, தோட்டத்து எல்லையைத் தாண்டாமலே எட்டு வகைகள் வரை பார்த்துவிடலாம். எல்லாம் லைசினிடே குடும்பம். தமிழில் பொதுவாக நீலன்கள்.

பெயர் சொல்வதில் தடுமாறக் காரணம் அந்த நீலமேதான். கண் முதலில் அங்கே போகிறது, ஆனால் அதைப் போல ஏமாற்றுவது வேறெதுவும் இல்லை. ஆண் நீலன்களின் மேற்புற நீலம் சாயத்தால் வருவதில்லை. செதில்களின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. வெயில் விழும் கோணம் மாறினால் அதே பூச்சி ஊதாவாகவும் வெள்ளி நீலமாகவும் சாம்பலாகவும் தெரியும். பெண் பூச்சிகள் பலவற்றில் நீலமே குறைவு. இறகின் அடிப்பகுதியில் கொஞ்சம் நீலத்தூள், மற்றதெல்லாம் பழுப்பு. ஆகவே ஒரு வகையின் ஆணும் பெண்ணும் இரண்டு வகை போலவும், இரண்டு வகைகளின் ஆண்கள் ஒன்றே போலவும் தெரியும். மேற்புறத்தை மட்டும் படம் எடுத்துக்கொண்டு வந்து பெயர் கேட்டால், விவரம் தெரிந்தவர்களும் கையை விரிக்கத்தான் செய்வார்கள்.

பார்க்க வேண்டியது இறகை மூடி உட்காரும்போது தெரியும் அடிப்புறம். அங்கே புள்ளிகள் இருக்கின்றனவா கோடுகள் இருக்கின்றனவா, ஒவ்வொரு புள்ளியும் எந்த இடத்தில் நிற்கிறது, பின்னிறகில் வால் உண்டா என்பதை வைத்தே பாதிக்கு மேல் முடிந்துவிடும்.

இடங்களுக்கு முதலில் பெயர் வைத்துக்கொள்வோம். உடலோடு ஒட்டிய பக்கம் இறகின் அடி. தலைப்பக்கம் உள்ள ஓரம் முன்விளிம்பு. உடலுக்கு எதிர்ப்பக்க ஓரம் வெளிவிளிம்பு. பின்னிறகின் கீழ்க் கடைசி மூலை பின்மூலை. வால் இழையும் கண்புள்ளியும் அங்கேதான் இருக்கும். ஒவ்வொரு இறகின் நடுவிலும் நரம்புகளால் சூழப்பட்ட நீண்ட வெற்றிடம் ஒன்று உண்டு, அதை நடு அறை என்போம். அந்த அறை முடியும் இடத்தில் ஒரு சிறு குறுக்குக் கோடு இருக்கும். அது அறைமுனைக் கோடு. அதற்கும் வெளிவிளிம்புக்கும் இடையில் வளைவாக ஓடும் புள்ளிகளை வெளிவரிசை என்று வைத்துக்கொள்ளலாம். அறைமுனைக் கோட்டைக் கண்டுபிடித்துவிட்டால் மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்து உள்ளே, வெளியே, மேலே என்று அளந்துவிடலாம். புதிதாகத் தொடங்குபவர்கள் இந்தக் கோட்டைத் தேடிப் பழகுவதற்கே ஒரு காலை நேரத்தை ஒதுக்கலாம்.

படம் எடுப்பது

வலையும் வேண்டாம், பிடிக்கவும் வேண்டாம். இவற்றின் இறகுச் செதில்கள் விரல் பட்டாலே உதிரும். உதிர்ந்தபின் பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. கைப்பேசி போதும்.

காலை எட்டரையிலிருந்து பத்தரை வரை நல்ல நேரம். பனி காயும்வரை இறகைப் பாதி விரித்து வெயில் காயும். அப்போது மேற்புறம் கிடைக்கும். கொஞ்சம் சூடேறியதும் இறகை மூடிக்கொண்டு வெட்டுக்காயப்பூண்டு, பூவாங்குறுந்தல் பூக்களில் தேன் எடுக்கத் தொடங்கும். அப்போது அடிப்புறம் கிடைக்கும். பதினொரு மணிக்குப் பிறகு திடலில் துரத்திக்கொண்டு ஓடுவது வீண் வேலை. மாலையில் மழை வராத நாளில், நான்கரைக்கு மேல் புல் நுனிகளில் தலைகீழாக உட்கார்ந்து உறங்கத் தயாராகும். கிட்டப் போக அதுவும் நல்ல வாய்ப்பு, வெளிச்சம்தான் குறைவு.

கைப்பேசியின் முகம் இறகுக்கு நேர் இணையாக இருக்க வேண்டும். மேலிருந்து சாய்வாக எடுத்தால் முன்விளிம்புப் புள்ளிகள் சுருங்கி ஒன்றோடொன்று ஒட்டிவிடும். இரண்டு வகைகளைப் பிரிக்கும் அடையாளமே அங்கேதான் இருக்கிறது. ஆகவே முழங்காலைத் தரையில் ஊன்றி, கையைப் புல்மட்டத்துக்கு இறக்கி எடுங்கள். உங்கள் நிழல் பூச்சிமேல் விழக்கூடாது. விழுந்த மறுகணம் பறந்துவிடும். ஒரு முழம் தள்ளி நின்று முதல் படம், பிறகு ஒரு சாண் தூரத்துக்கு நகர்ந்து அடுத்தடுத்துப் பத்துப் படம். திரையில் பூச்சியைத் தொட்டுக் குவியம் வைத்தபின் வெளிச்சத்தைச் சற்றே குறைத்துக்கொள்ளுங்கள். அடிப்புறம் வெளிர் சாம்பல் என்பதால் நம் ஊர் வெயிலில் அது வெளுத்துப்போய், புள்ளிகளைச் சுற்றியுள்ள வெள்ளை வளையம் தரையோடு கலந்துவிடும்.

இன்னொரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. நீலன் ஓய்வாக உட்காரும்போது முன்னிறகைப் பின்னிறகுக்குப் பின்னால் இறக்கி வைத்துக்கொள்ளும். அப்போது முன்னிறகின் நடு அறை பாதியோ முழுதோ மறைந்துபோகும். அறைக்குள் புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதே புல்நீலன்களில் முக்கியக் கேள்வி. மறைந்த நிலையில் எடுத்த படத்தை வைத்து “புள்ளி இல்லை” என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பூவில் தேன் எடுக்கும்போது முன்னிறகு மேலே உயரும், அதற்காகக் காத்திருங்கள். படத்தில் அறைமுனைக் கோடு முழுதாகத் தெரிந்து, அதற்கு உட்பக்கம் உள்ள இடமும் திறந்திருந்தால்தான் அந்தப் படம் சான்றாகும்.

அளவுக்கு, பூச்சி பறந்தபின் அது உட்கார்ந்த பூவின் பக்கத்தில் ஒரு பத்து சென் காசை வைத்து அதே தூரத்தில் இன்னொரு படம் எடுங்கள். இப்போது புழக்கத்தில் உள்ள பத்து சென் காசின் விட்டம் 18.8 மில்லிமீட்டர். பூவின் அகலத்தை அதிலிருந்து கணக்கிட்டு, பூவை வைத்துப் பூச்சியை அளந்துவிடலாம். அளவு மட்டும் எதையும் நிரூபிக்காது. ஆனால் சந்தேகம் வரும்போது ஒரு பக்கமாகச் சாய உதவும்.

இடத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. செம்பனைத் தோட்டத்துக்குள் போகும் முன் அன்று மருந்தடிப்பு இருக்கிறதா என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். களைக்கொல்லி அடித்த புல்லில் முழங்கால் ஊன்றிப் படுத்துப் படமெடுப்பது நல்லதல்ல. எலி இருக்கும் செம்பனையில் நாகமும் இருக்கும். பூட்ஸ் இல்லாமல் மட்டை அடுக்கின் பக்கம் போக வேண்டாம். அடர்ந்த செம்பனை நிழலுக்குள் நீலன்களும் அதிகம் கிடைப்பதில்லை. சடக்கு ஓரம், மறுநடவு செய்த புதுக் கண்டம், லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) பின்புறம், திடல் ஆகியவையே போதும்.

மூன்று புல்நீலன்கள்

திடலில் குழப்புவது இவை மூன்றும்தான். மூன்றுக்கும் வால் கிடையாது. மூன்றும் வெளிர் சாம்பலில் சிறு கரும்புள்ளிகள் கொண்டவை. மூன்றும் புல்லுக்கு ஒரு சாண் மேலே பறப்பவை.

மிக அதிகமாகக் கிடைப்பது சிறு புல்நீலன், சிசீனா ஓட்டிஸ். பாப்ரீசியஸ் 1787-இல் பெயரிட்டது. பத்துப் பூச்சி பார்த்தால் பெரும்பாலானவை இதுவாகத்தான் இருக்கும். அதனாலேயே மற்ற இரண்டும் தப்பிவிடுகின்றன. இதன் முன்னிறகு அடிப்புறத்தில் அறைமுனைக் கோடு உண்டு, அறைக்குள் புள்ளி இல்லை. முன்விளிம்பை ஒட்டியும் தனிப் புள்ளிகள் இல்லை. பின்னிறகுக்கு வாருங்கள். வெளிவரிசைப் புள்ளிகளை மேலிருந்து, அதாவது முன்விளிம்புப் பக்கத்திலிருந்து எண்ணுங்கள். முதல் புள்ளி, இரண்டாவது, மூன்றாவது என்று ஒரே வளைவாக வர வேண்டும் அல்லவா? சிறு புல்நீலனில் அப்படி வராது. இரண்டாவது புள்ளி வளைவை விட்டு உள்ளே, இறகின் அடியை நோக்கித் தள்ளி நிற்கும். கோலத்தில் ஒரு புள்ளியை மட்டும் கை தவறி உள்ளே வைத்ததுபோல. ஒருமுறை இதைக் கண்டுவிட்டால் பிறகு திடலில் நின்றபடியே கண்ணுக்குப் பிடிபடும்.

வெளிர் புல்நீலன், சிசீரியா மகா, இதற்கு நேர் எதிர். முன்னிறகு அறையின் உள்ளே, அறைமுனைக் கோட்டுக்கு முன்னால், வெள்ளை வளையத்தோடு ஒரு கரும்புள்ளி இருக்கும். பின்னிறகின் வெளிவரிசை தள்ளல் இல்லாமல் ஒழுங்கான வளைவாக ஓடும். இரண்டு அடையாளமும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தெரிகிறது, மற்றொன்று மறைந்திருக்கிறது என்றால் படத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு அடுத்த பூச்சியைப் பாருங்கள். ஆணின் மேற்புறம் வெளிர் வெள்ளி நீலம். அது கூடுதல் தகவல்தான். இதன் புழு புளியாரை தின்னும். சிமென்ட்டு வெடிப்பு, பூச்சட்டி ஓரம், பள்ளிக்கூட வாய்க்கால் கரை எங்கெல்லாம் புளியாரை படர்ந்திருக்கிறதோ அங்கே தேடினால் திடலின் நடுவில் தேடுவதைவிடப் பலன் உண்டு. அறைப்புள்ளி இருந்தும் மேற்புறம் கரு ஊதாவாக இருந்தால், அதே பேரினத்தைச் சேர்ந்த சிசீரியா கர்சாந்திராவையும் மனத்தில் வைக்க வேண்டும். அதன் புழு குப்பைக்கீரை தின்பது. மேற்புறப் படம் இல்லாவிட்டால் “சிசீரியா” என்று மட்டும் எழுதி நிறுத்துங்கள்.

குட்டிப் புல்நீலன், சிசுலா ஹைலக்ஸ், மூன்றில் மிகச் சிறியது. முன்னிறகு நீளம் பத்து மில்லிமீட்டரைத் தாண்டுவதே அரிது. காசுக்குப் பக்கத்தில் வைத்தால் அதில் பாதிதான். இறகு மற்ற இரண்டைவிடக் கொஞ்சம் ஒடுங்கி நீண்டிருக்கும். அடிப்புறம் வெளுத்த சாம்பல், புள்ளிகள் ஊசியால் குத்தியதுபோல் சிறியவை. அடையாளம் முன்னிறகின் முன்விளிம்பில் உள்ளது. அறைமுனைக் கோட்டுக்கு மேலாக, விளிம்பை ஒட்டி, இரண்டு நுண்ணிய கரும்புள்ளிகள் இருக்கும். சிறு புல்நீலனுக்கு இவை கிடையாது. முன்னிறகை இறக்கி வைத்திருந்தாலும் முன்விளிம்பு வெளியே தெரியும் என்பதால், அறைப்புள்ளியைப் போல இது மறைந்துபோவதில்லை. ஆனால் படம் மங்கலாக இருந்தால் இரண்டும் சேர்ந்து ஒரு கீறல் மாதிரி தெரியும், அல்லது காணாமலே போகும். இதன் புழு ருவெல்லியா ரெப்பன்ஸ் போன்ற, கனகாம்பரக் குடும்பத்துத் தாழ்ந்த செடிகளின் பூவையும் மொட்டையும் தின்னும். ஆகவே மொட்டைத் திடலைவிட, நிழலும் ஈரமும் உள்ள வாய்க்கால் ஓரத்தில்தான் அதிகம் கிடைக்கும்.

இவற்றில் தவறு எப்படி வருகிறது என்றால், சின்னதாக இருப்பதையெல்லாம் “குட்டி” என்று எழுதிவிடுவதால். புழுவாக இருந்தபோது தீனி போதாத சிறு புல்நீலன் குள்ளமாகவே வெளிவரும். புல்வெட்டும் மெஷின் ஓடிய திடலில் அப்படிப்பட்டவை சகஜம். முன்விளிம்பில் இரண்டு புள்ளி தெரியாதவரை அது சிறு புல்நீலனே.

புள்ளிகள் பிறழ்வதும் உண்டு. ஒரு பக்க இறகில் ஒரு புள்ளி இல்லாமல், மறுபக்கத்தில் இருக்கும். சில பூச்சிகளில் புள்ளி நீண்டு கோடாகிவிடும். எது எப்படி இருந்தாலும் இடது வலது இரண்டு பக்கமும் படம் இருந்தால் தப்பிக்கலாம். இரண்டு பக்கமும் முரண்பட்டால் மற்ற அடையாளங்களுக்கே வாக்கு.

வால் உள்ளவை

பின்மூலையில் மயிரிழை போல ஒரு வாலும், அதன் பக்கத்தில் ஆரஞ்சு முடி சூடிய கரும் கண்புள்ளியும் இருந்தால் புல்நீலன்களை விட்டு வெளியே வந்துவிட்டோம். உட்கார்ந்தபடி பின்னிறகுகளை மேலும் கீழும் தேய்க்கும். வால் உணர்கொம்பு போலவும் கண்புள்ளி கண் போலவும் ஆடும். பல்லியோ குருவியோ தலை என்று நினைத்து அந்தப் பக்கத்தைக் கொத்தும், பூச்சி மூலையை மட்டும் இழந்து தப்பிவிடும். இதனால் நமக்கு வரும் தொல்லை, வயதான பூச்சிகளில் வாலும் கண்புள்ளியும் சேர்ந்தே போயிருக்கும். இரண்டு பின்மூலையும் ஒரே மாதிரி கடிபட்டிருந்தால் பார்ப்பவருக்கு வாலில்லாத வகை என்றே தோன்றும். வெளிவிளிம்பின் வெள்ளை ஓரமயிர் பின்மூலைவரை அறுபடாமல் ஓடினால் மட்டுமே “வால் இல்லை” என்று எழுதலாம்.

வால் உண்டு என்று முடிவானபின் அடுத்த கேள்வி: பின்னிறகின் அடிப்பகுதியில் உருண்டையான கரும்புள்ளிகள் உள்ளனவா, அல்லது எங்கும் வெள்ளைக் கோடுகள்தானா?

உருண்டைப் புள்ளி உள்ளவற்றில் ஊருக்குள் எளிதாகக் கிடைப்பது சைக்கஸ் நீலன், சைலாடிஸ் பாண்டவா. புதுப் பட்டியல்களில் லுத்ரோடிஸ் என்ற பேரினத்தின் கீழ் இருக்கும், இரண்டும் ஒன்றே. பின்னிறகின் அடியில் வெள்ளை வளையம் போட்ட நான்கு கரும்புள்ளிகள் ஒரு குறுக்கு வரிசையாக நிற்கும், சற்று வெளியே முன்விளிம்பில் இன்னொன்று. பின்மூலைக் கண்புள்ளிகளில் ஒன்றுதான் பெரிது. வாசலில் அழகுக்கு வைக்கும் சைக்கஸ் செடியில் புது ஓலை சுருண்டு வெளிவரும் வாரத்தில் பாருங்கள். பெண் பூச்சி அதைச் சுற்றிச் சுற்றி வந்து முட்டையிடும். ஓலை முற்றுவதற்குள் புழுக்கள் தின்று முடித்துவிடும். பச்சையிலிருந்து கருஞ்சிவப்புவரை பல நிறத்தில் இருக்கும், கூடவே எறும்புகளும் நிற்கும். ஓலை மொட்டையாகிப்போனதற்கு மருந்தடிப்பதா வேண்டாமா என்பது செடிக்காரர் விருப்பம். வண்ணத்துப்பூச்சி பார்ப்பவருக்கு அந்தச் செடி ஒரு வரம்.

பயறு நீலன், யூக்ரைசாப்ஸ் நீஜஸ், அடியில் நான்கு புள்ளி வரிசை இல்லாமல் இரண்டு புள்ளி, முன்விளிம்பில் ஒன்று என்று இருக்கும். பின்மூலையில் இரண்டு கண்புள்ளிகள் ஏறத்தாழ ஒரே அளவில், இரண்டும் ஆரஞ்சு முடியோடு. லயத்துப் பின்னால் பயற்றங்காய்ப் பந்தலோ காட்டுப்பயறோ இருந்தால் அங்கே வரும். இதே அமைப்பு, ஆனால் உருவம் புல்நீலன் அளவுக்குச் சிறியது, அடிப்புறம் இன்னும் வெளிர் என்றால் அது எவிரஸ் லாக்டுர்னஸ். புள்ளடி வகைச் செடிகள் படர்ந்த புல்வெளியில் சிறு புல்நீலன்களோடு கலந்து பறக்கும். வாலைப் பார்க்காமல் விட்டால் அதுவும் “சிறு புல்நீலன்” கணக்கில் போய்விடும்.

கோடு போட்டவை

இங்கே முதலில் எடுத்துவிட வேண்டியது பட்டாணி நீலன், லம்பைடீஸ் போயேட்டிகஸ். லின்னேயஸ் 1767-இல் பெயரிட்ட இது ஆப்பிரிக்கா முதல் ஆஸ்திரேலியா வரை பரவியது. அடிப்புறம் மணல் பழுப்பில் அலையலையாக மெல்லிய வெள்ளைக் கோடுகள். அவற்றைத் தாண்டி, பின்னிறகின் வெளிவிளிம்புக்கு உட்பக்கம் மட்டும் ஓர் அகலமான வெள்ளைப் பட்டை. அந்தப் பட்டை இருந்தால் வேறு யோசனை வேண்டாம். கிலுகிலுப்பைச் செடி எங்கே இருக்கிறதோ அங்கே நில்லுங்கள். பூவிலும் காய்க்குள்ளும் புழு இருக்கும். காயில் சிறு வட்ட ஓட்டை இருந்தால் புழு உள்ளே புகுந்த, அல்லது விட்டுப்போன வழி.

புதுக் கண்டங்களில் மண்ணை மூட விதைக்கும் புவேரேரியா கொடி ஊதாப் பூ பூக்கும் காலத்தில் கேட்டோக்ரைசாப்ஸ் பேரினத்து வகைகள் இரண்டும் வந்துவிடும்: ஸ்ட்ராபோ, பனோர்மஸ். பெண் பனோர்மஸ் புவேரேரியா பூங்கொத்திலேயே முட்டையிடுகிறது. இரண்டுக்கும் சங்கிலி போன்ற பட்டைகள், ஒரு வால், ஒரு ஆரஞ்சு கண்புள்ளி. ஆண் ஸ்ட்ராபோ மேற்புறம் ஊதா கலந்த நீலம், பனோர்மஸ் வெள்ளி நீலம். ஆனால் மேற்புறத்தை நம்பக் கூடாது என்று மேலே சொல்லிவிட்டோம். பிரிப்பது முன்னிறகு அடிப்புறத்தில் முன்விளிம்பை ஒட்டிய ஒற்றைச் சிறு புள்ளி. அறைமுனைக் கோட்டுக்கும், வெளிவரிசை இடத்தில் ஓடும் வெளிப்பட்டைக்கும் நடுவில், இரண்டுக்கும் சம தூரத்தில் அது நின்றால் ஸ்ட்ராபோ. வெளிப்பட்டையை ஒட்டிப்போய்க் கிட்டத்தட்ட அதோடு சேர்ந்து நின்றால் பனோர்மஸ். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த வித்தியாசம். சாய்ந்த படத்தில் சம தூரமும் பக்கமாகத் தெரியும். இந்த இரண்டுக்காகவாவது கைப்பேசியை இறகுக்கு இணையாகப் பிடித்துப் பழக வேண்டும்.

ஜாமைடீஸ் பேரினத்தில் போக்கஸ் மட்டும் எளிது. பறக்கும்போதே மேற்புறம் பளீரென்று கருநீலம் மின்னும், உட்கார்ந்ததும் அடிப்புறம் கரும்பழுப்பில் மெல்லிய கோடுகள். செலீனோ வகையறா வெளிர் நீலம் கலந்த வெள்ளை, தூரத்தில் வெள்ளைப் பூச்சி என்றே தோன்றும். புங்க மரம், அசோக மரம் அருகே வரும். ஆனால் செலீனோவைப் போலவே அச்சு மாறாமல் இருக்கும் கூட்டாளிகள் மலேசியாவில் பல. இரண்டு படத்தை வைத்துக்கொண்டு அவற்றைப் பிரிக்கப் புறப்படுவது தெரிந்தவர்களும் செய்யாத வேலை. “ஜாமைடீஸ், செலீனோ வகை” என்று எழுதி நிறுத்துங்கள், யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். இஞ்சி, ஏலக் குடும்பத்துப் பூக்களில் முட்டையிட்டுக்கொண்டிருந்தால் ஜாமைடீஸ் அலெக்டோவாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று குறித்துக்கொள்ளலாம்.

மற்றவற்றை விரைவாக முடித்துவிடலாம். சிறிய, பழுப்பு, கோடு போட்ட, வாலில்லாத, ஆனால் பின்மூலையில் கரும்புள்ளி உள்ள பூச்சி அக்கேசியா அல்லது சவுண்டல் மரத்தைச் சுற்றினால் புரோசோட்டாஸ் துபியோசா. அதே தோற்றத்தில் வால் இருந்தால் புரோசோட்டாஸ் நோரா. பின்னிறகு ஓரத்தில் வாலுக்குப் பதில் மூன்று குட்டி மயிர்க்குச்சங்கள் நீட்டியிருந்தால் அந்தீனி பேரினம். முசுறு எறும்பு கூடு கட்டிய மரத்தில் தேடுங்கள். அந்தீனி எமோலஸ் புழுவை அந்த எறும்புகள் காவல் காத்துத் தேன்துளி வாங்கிக் குடிக்கும். வெள்ளை அடிப்புறத்தில் பின்னிறகு மேல்மூலையில் ஒரே ஒரு பெரிய கரும்புள்ளி இருந்தால் நியோபித்தெகாப்ஸ் அல்லது பித்தெகாப்ஸ். அவை காட்டோரத்தைச் சேர்ந்தவை, திடலுக்கு வருவதில்லை.

செடி என்ன சொல்கிறது

பூவில் தேன் குடிக்கும் பூச்சியின் பக்கத்தில் உள்ள செடி ஒன்றும் சொல்லாது. வெட்டுக்காயப்பூண்டுக்கு எல்லோரும் வருவார்கள். ரும்புட் இஸ்ரேல் என்று தோட்டத்தில் எல்லோரும் வைதுகொண்டே வெட்டும் அசிஸ்டாசியாவிலும், பூச்சிகளைத் தின்னும் நல்ல பூச்சிகளுக்காகச் சடக்கோரம் நடும் டர்னேராவிலும் உட்கார்ந்திருப்பதை வைத்தும் எதுவும் முடிவு செய்யக் கூடாது. முட்டையிடும் பெண் மட்டுமே சாட்சி. வயிற்றை வளைத்து இலை அடியிலோ மொட்டு இடுக்கிலோ ஒரு கணம் ஒட்டிவிட்டு நகரும். அதைப் பார்த்தால் பூச்சியை விட்டுவிட்டு அந்த இடத்தைப் படமெடுங்கள், பிறகு இலை, பூ, முழுச் செடி மூன்றையும். சிறு புல்நீலன் தரையோடு படரும் சிறுபுள்ளடியில் முட்டையிடும். மூன்று மூன்றாக நகக்கண் அளவு இலைகள், திடல் புல்லுக்குள் புதைந்து கிடக்கும். அதைப் புளியாரை என்று எண்ணிவிட்டால் பூச்சியின் பெயரும் சேர்ந்து தவறும். புளியாரை இலை நுனி இதயம் போல் ஆழமாகப் பிளந்திருக்கும், பூ மஞ்சள், மென்றால் புளிக்கும். சிறுபுள்ளடிப் பூ இளஞ்சிவப்பு. மருந்தடிக்காத இடம் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் மென்று பாருங்கள்.

தமிழில் படிக்கக் கிடைக்கும் வண்ணத்துப்பூச்சிக் கையேடுகள் பெரும்பாலும் தமிழ்நாட்டுக்கானவை. அடையாளங்களைப் படிக்க அவை உதவும், ஆனால் எது அதிகம், எது அரிது என்ற கணக்கை அங்கிருந்து கொண்டுவர வேண்டாம். மலாயாத் தீபகற்பம், சிங்கப்பூர் பட்டியல்களையே ஒப்பிடுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் செயலி படத்தைப் பார்த்ததும் ஒரு பெயரை முன்வைக்கும். ஜாமைடீஸ், கேட்டோக்ரைசாப்ஸ், புல்நீலன் மூன்றிலும் அந்தப் பெயரை அப்படியே அழுத்திவிடாமல், புள்ளியை நீங்கள் எண்ணியபின் ஏற்றுக்கொள்ளுங்கள். அங்கே பேரினத்தோடு நிறுத்தவும் இடம் உண்டு.

பதிவில் தேதி, நேரம், இடம், வால் உண்டா இல்லையா, அறைப்புள்ளி தெரிகிறதா மறைந்திருக்கிறதா, இரண்டாவது புள்ளி தள்ளி நிற்கிறதா, செடி என்ன என்று இந்த ஏழையும் எழுதுங்கள். “மறைந்திருக்கிறது” என்பதையும் “இல்லை” என்பதையும் ஒரே குறியால் எழுதாதீர்கள். திடலில் புல் வெட்டிய தேதியையும் ஓரத்தில் குறித்துவைத்தால், ஒரு வாரம் நீலனே இல்லாமல் போனதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியிருக்காது.